கையா, நாக்கா

அந்தத் தெருவில் முடிவெட்டும் கடைகள் மூன்று இருந்தும் கூட்டமெல்லாம் ரேடியோக்காரர் கடையில்தான். வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பதால் வந்த பட்டப்பெயர் அது.

ஐம்பதைத் தாண்டியதும் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ தளும்பியது. அப்புறம் ஒருவர் காதோரம் கத்தி கீறிவிட்டது. மாத்திரைக்கு நடுக்கம் மசியவில்லை. மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து கரண்ட் கொடுக்கலாம் என்றார் டாக்டர்.

"எத்தனை பேர் தலை என்கிட்ட மாட்டியிருக்கும்! இப்ப என் முறை" என்று மனைவியிடம் சிரித்துக்கொண்டே ஆபரேஷனுக்குப் போனார்.

கரண்ட் ஓடியதும் கை சிலையாக நின்றது. "நின்னுடுச்சு" என்று சொல்ல வாயெடுத்தார். நாக்கு குழறி, ஏதோ உளறலாக வந்தது. டாக்டர் அளவைக் குறைத்தார். பேச்சு திரும்பியது, கூடவே நடுக்கமும். மாற்றி மாற்றிப் பார்த்தும் அதே கதைதான்.

"என்கூட ஆபரேஷன் பண்ணிக்கிட்ட லாரி டிரைவருக்கும் இதே இடம், இதே அளவு. அவர் நல்லாத்தானே பேசுறாரு?"

"மூளைக்குள்ள நரம்புப் பின்னல் ஆளுக்கு ஆள் வேறங்க. கரண்ட் அந்தப் பின்னல் வழியாத்தான் பரவும். உங்களுக்குக் கைக்கான பாதையும் பேச்சுக்கான பாதையும் ரொம்ப ஒட்டிப் போகுது."

"கம்பியைக் கொஞ்சம் தள்ளி வெச்சா?"

"கை நிக்காது."

அதன்பிறகு பகலெல்லாம் கரண்ட் ஓடியது. ஒருமுறை குழறிப் பேசப்போய், குடித்திருக்கிறார் என்று நினைத்து ஒரு வாடிக்கையாளர் பாதியில் எழுந்து போனார். அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை. கிண்டல் தொண்டைவரை வரும். கண்ணாடியில் தன் இறுகிய உதடுகளைப் பார்த்தபடி விழுங்கிக்கொள்வார். சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு, மார்புத் தோலுக்கடியில் வைத்திருந்த, கம்பிக்குக் கரண்ட் தரும் பேட்டரியை ரிமோட்டால் அணைத்தால்தான் நாக்குக்கு விடுதலை. ஆனால் சோற்றை மனைவிதான் ஊட்டிவிட வேண்டும்.

ஒருநாள் பாதி சவரத்தில் போன் வந்தது. அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவித்திருந்த மகள்.

"அப்பா, ஏதாவது பேசுங்கப்பா."

கத்தியை வைத்துவிட்டு ரிமோட்டை அழுத்தினார். நடுங்கும் கையால் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் சிரிக்கும்வரை பேசினார். காத்திருந்த இருவர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

மறுபடி ரிமோட்டை அழுத்தினார். கை நின்றது.

"பேரனா பேத்தியாண்ணே?" கன்னத்தில் நுரையோடு கேட்டார் நாற்காலியில் இருந்தவர்.

ரேடியோக்காரர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கத்தியை எடுத்தார்.