காரெட்டின் செடி

கலிபோர்னியாவில், ஆர்கேட்டாவில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி லோர்னா. மலைச்சாலை விபத்தில் மகன் காரெட் இறந்தபின், அவன் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய கஞ்சாச் செடியை வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்த்துவந்தாள்; அங்கே அது குற்றமில்லை. அந்த ரகம் வேறு யாரிடமும் இல்லை.

யாரோ அன்பாகக் கொடுத்த ரோஜாத் தொட்டியோடு, இலைச் சாற்றை உறிஞ்சும் செம்பேன் வந்து சேர்ந்தது. இலைகள் வெளுத்தன, நுனிகளில் மெல்லிய வலை படர்ந்தது. லோர்னா ஒவ்வோர் இலையின் அடிப்புறத்தையும் சோப்புத் தண்ணீரால் துடைத்தாள். பேனைத் தின்னும் பூச்சிகளையும் வாங்கி விட்டாள். குறைந்த பேன் மறுபடி பெருகியது.

"கிளைய வெட்டிக் கழுவி, வேற ரூம்ல வேர் விட வெச்சுப் பாருடி" என்றேன்.

வைத்தாள். செடி ஏற்கெனவே நொந்து போயிருந்தது. வெட்டிய கிளைகள் வேர்விடாமல் அழுகின.

"எல்லாம் போச்சுடி. இதையாவது காப்பாத்துவேன்னு நெனச்சேன்."

"நீ பண்ணாதது என்ன இருக்கு, லோர்னா?"

"பண்ணி என்ன ஆச்சு?"

காய்ந்த செடியை அவளே பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டாள். பையின் வாயைக் கட்ட அவளுக்குக் கை வரவில்லை.

"நீயே கட்டிடு" என்றாள். "காலையில எந்திரிச்சா இனி யாருக்குடி தண்ணி ஊத்துவேன்?"

பையைக் கட்டினேன்.