பென் டிரைவில் ஏறாத குறிப்பு

பைலைத் தொலைக்காமல் வைத்திருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஜெகதாப்பட்டினத்தில் படகுக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர் மையத்தில் ஐந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கடலுக்குப் போகிறவர்களின் அடையாள அட்டைகளை ஸ்கேன் செய்து வைப்பது என் வேலை. எல்லை தாண்டினார்கள் என்று அக்கரைக் கடற்படை யாரையாவது பிடித்துக்கொண்டு போனால், அந்தக் காகிதங்கள் அன்றைக்கே மாவட்ட அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். என்னைப் போலவே மவுஸைப் பிடித்தபடி பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

கேட்டால்தான் சொல்லும்

எங்கள் மெஷினில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் அரிமளத்து இன்ஜினியர் ஆரோக்கியம். எந்தப் படகு, வீட்டு போன் எது, உடம்புக்கு என்ன என்று எல்லாவற்றையும் பைலின் பெயரிலேயே எழுதினால் பெயர் முழநீளம் போகும். அதனால் ஒவ்வொரு பைலோடும் தனியாக ஒரு குறிப்பைச் சேர்த்து வைக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தார். பைலைத் திறந்தால் அந்தக் குறிப்பு தெரியாது. சேர்க்க ஒரு கட்டளை, பார்க்க ஒரு கட்டளை. இரண்டையும் எழுத்துக்கூட்டித்தான் அடிப்பேன்.

முதல் நாள் ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டு, அதே பைலைப் பத்துத் தடவை திறந்து திறந்து பார்த்தேன். காணவில்லை. ஆரோக்கியத்துக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன்.

"நீங்க உத்து உத்துப் பாத்தா அது வராதுக்கா. கட்டளையப் போட்டுக் கேளுங்க, சொல்லும்."

அனுமதி இல்லை

பழைய பைல்களை யாரும் அழித்துவிடக் கூடாது என்று ஆரோக்கியம் பூட்டி வைத்துவிட்டுப் போனார். பைலில் எழுதும் உரிமை இல்லாதவர் அதன் குறிப்பையும் தொட முடியாது என்பது எனக்குத் தெரியாது. வீட்டு போன் நம்பரை மாற்ற ஒரு அம்மா வந்தார். மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் அனுமதி இல்லை என்றே வந்தது. அந்த அம்மா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் நம்பரு, என் வீட்டுக்காரரு, நானே வந்து நிக்கிறேன். இன்னும் யாரு வந்து அனுமதி குடுக்கணும்?"

நேராக்கிய அட்டை

ஒருவருடைய அட்டை கோணலாக ஸ்கேன் ஆகியிருந்தது. படம் திருத்தும் புரோகிராமில் திறந்து நேராக்கிச் சேமித்தேன். அந்தப் புரோகிராம் பழைய பைலை எடுத்துவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்றை வைத்துவிட்டது. குறிப்பு பழையதோடு போயிற்று. எல்லா விவரத்தையும் அவரிடமே திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று.

"அட்டையத்தானே நேராக்கச் சொன்னேன், எங்க குடும்பத்தையே அழிச்சுப்புட்டீகளே!"

கருப்பையாவின் ஊசி

எங்கள் ஊர்ச் செல்வியின் வீட்டுக்காரர் கருப்பையாவுக்குச் சர்க்கரை. காலையில் ஒரு இன்சுலின் ஊசி, ராத்திரி ஒன்று. அட்டையை ஸ்கேன் செய்த அன்றே செல்வி என் பக்கத்தில் நின்று, ஊசியின் பெயரையும் அளவையும் சொல்லி, நான் அடித்து முடிக்கும்வரை நகரவில்லை. அந்தக் குறிப்பை நான் ஒருநாளும் இழந்ததில்லை. இன்றைக்கும் எங்கள் மெஷினில் இருக்கிறது.

கருப்பையா போன படகைப் பிடித்துவிட்டார்கள் என்று ஒருநாள் காலையில் செய்தி வந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர் பென் டிரைவோடு நின்றார். அந்தப் படகுக்காரர்களின் பைல்களை அதில் இழுத்துப் போட்டேன். எல்லாம் ஏறியது, ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அட்டைகள் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். குறிப்பை மட்டும் கேட்டுப் பார்க்கவில்லை; அலுவலகத்தில் கட்டளை போட்டுப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அலுவலகத்துக்குப் போன் போட்டு, கருப்பையாவுக்கு ஊசி கிடைக்க ஏற்பாடு செய்தாயிற்றா என்று விசாரித்தேன். "மருந்து விவரம் எதுவும் வரலையேம்மா. யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னு அக்கரைக்கு எழுதி அனுப்பிட்டோமே" என்றார்கள். போனிலேயே எல்லாவற்றையும் படித்துச் சொல்லிவிட்டு, வேறொரு பென் டிரைவில் அதே பைலைப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றுமே சொல்லவில்லை. சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் பென் டிரைவில் இந்தக் குறிப்பை வைக்க இடமே கிடையாது என்று ஆரோக்கியம் அப்புறம் சொன்னார்.

விவரம் போய்ச் சேருவதற்குள் கருப்பையா காவலில் மயங்கி விழ, அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிழைத்தார். விடுதலையாகி வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கப் போனபோது ஆளே பாதியாகியிருந்தார். நான் பென் டிரைவைப் பற்றியெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். செல்வி திட்டவில்லை. தண்ணீர்ச் செம்பை என் முன்னால் வைத்தாள்.

"மெஷினுக்கு என்னக்கா தெரியும்? அந்த ஆபீஸ்காரரு வந்து நின்னப்ப, இவருக்கு ஊசி போடணும்னு நீங்க ஒரு வார்த்தை வாயால சொல்லியிருக்கலாம்ல?"

ஐந்து வருடம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டி நான் தேறிய வித்தை, எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுதி, அதில் பென் டிரைவை வைத்து மடித்துக் கொடுத்து, போகிறவரை நிறுத்தி வாயாலும் ஒரு தடவை சொல்லி அனுப்புவதுதான்.