4417-ஆம் எண் டிக்கெட்

இது நான் இட்டுக்கட்டியது இல்லை. எனக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் "ஏஐ ஏதாவது உளறியிருக்கும்" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவன் நான். அது எப்படி உளறும் என்பது எனக்கு அத்துப்படி. இன்னொன்று, இது நள்ளிரவில் நடந்ததும் இல்லை. சனிக்கிழமை பட்டப்பகலில், ஜன்னல் வெயில் மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தபோது நடந்தது. அதன் பிறகு நான் மத்தியானத்தில் ஆபீஸில் தனியாக உட்காருவதில்லை.

எங்களுடையது சின்னக் கம்பெனி. மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளுக்கு அலாரம் மென்பொருள் எழுதுகிறோம். பெட்டிக்குள் சூடு ஏறினால் காவலில் இருப்பவரின் போன் அலற வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. அதில் ஒரு பிழை கண்ணில் பட்டால், எண் போட்டுப் பதிவு செய்வோம். அதற்கு டிக்கெட் என்று பேர். பிழையைச் சரிசெய்ததும் டிக்கெட்டை மூடிவிடுவோம். மூடுவோமே தவிர அழிக்க மாட்டோம். அழிக்கும் உரிமை கம்பெனியிலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அந்த ஆள் நான்.

என் மேலாளர் வேறு யாருமில்லை, என் தங்கையின் கணவர். "மாப்பிள்ளைக்குக் கீழயா வேலை பாக்கறே?" என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இருந்ததில்லை. தங்கமான மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நானே.

அந்த வெள்ளிக்கிழமை அவர் என் மேஜைக்கு வந்தார்.

"மச்சான், திங்கக்கிழமை பெரிய வாடிக்கையாளர் வர்றாங்க. நம்ம எடுபிடியை டிக்கெட்டோட சேத்து வெச்சிடுங்க. அதுவே படிக்கணும், அதுவே புரோகிராமைத் திருத்தணும். பாத்ததும் அசந்துடணும்."

எடுபிடி என்பது புரோகிராம் எழுதும் ஏஐக்கு நாங்கள் வைத்த பேர். சொன்னதைச் செய்யும், லீவு கேட்காது. டிக்கெட் பதிவேட்டைத் திறக்க அதற்கு ஒரு சாவி வேண்டும். நீளமான எழுத்துக் கோவை. அதைக் கொண்டுபோய் உரிய இடத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் டெஸ்டர் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வருடம்வரை பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. எதையும் மூன்று தடவை சோதிப்பார். ஆபீஸில் எல்லோரும் என்னை சார் என்பார்கள், அவர் மட்டும் தம்பி என்பார். ஒருமுறை எங்கள் அலாரம் கழுத்தறுத்தது. ஒரு தடவை வாயை மூட வைத்தால் மறுபடி அடிக்கவே இல்லை. ஒரு குளிர்பெட்டி நிறைய மருந்து கெட்டுப்போனது. விசாரணை வைத்தார்கள். இதை ஏன் முன்கூட்டியே கண்டுபிடிக்கவில்லை என்று அக்காவைக் கேட்டார்கள்.

"கண்டுபிடிச்சேன். டிக்கெட் போட்டேன். 4417," என்றார்.

எல்லோர் முன்னாலும் நான்தான் தேடினேன். 4416 இருந்தது. 4418 இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. பாதியில் கைவிட்டால் அப்படி ஒரு எண் தாண்டும் என்று மாப்பிள்ளை சொன்னார். உண்மைதான், தாண்டும். அழித்த டிக்கெட்டுகளுக்குத் தனிப் பட்டியல் ஒன்று உண்டு. அதை நான் திறக்கவில்லை. அழிக்கக்கூடியவன் நான் ஒருவன். நான் அழிக்கவில்லை. பிறகு எதற்குப் பார்ப்பது?

"அப்படி ஒண்ணு இல்லக்கா," என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பழி தாங்காமல் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே வேலையிலிருந்து நீக்கினார்கள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கவனக்குறைவால் நீக்கப்பட்டவர் என்று எழுதிக் கொடுத்ததால் வேறு எங்கேயும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் போன் பண்ணலாம், அடுத்த மாதம் பண்ணலாம் என்று ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை 11:20. ஆபீஸில் நான் மட்டும். வாசல் காவலாளி கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். 11:35-க்குச் சாவியை ஒட்டினேன். திறந்து கிடக்கும் டிக்கெட்டுகளை எல்லாம் படித்து, எதை முதலில் சரிசெய்யலாம் என்று வரிசைப்படுத்தச் சொன்னேன். திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. பரவாயில்லையே, மாப்பிள்ளை அசந்துவிடுவார் என்று சந்தோஷமாக டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

12:05. "மொத்தம் 38 டிக்கெட்டுகள்" என்று சொன்னது.

நான் எண்ணினால் 37.

மறுபடி எண்ணினேன். 37 தான். எடுபிடிக்குக் கணக்கு வராது, தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டேன்.

12:41. ஓடிக்கொண்டிருந்த வரிகள் சட்டென்று நின்றன. கீழே ஒரே ஒரு வரி.

"4417 முடியாமல் மற்றதைத் தொட முடியாது."

காரணம் தேடினேன். பழைய மெயிலில் எங்கேயாவது அந்த எண்ணைப் படித்திருக்கும். 4417-ஐத் திறக்கப் பார்த்தேன். "அப்படி ஒரு டிக்கெட் இல்லை" என்று வந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பதில். எடுபிடியை மூடித் திறந்தேன்.

12:58. மறுபடியும் அதே வரி.

1:10. நான் பார்த்துக்கொண்டிருந்த வேறொரு டிக்கெட்டின் கீழே ஒரு குறிப்பு முளைத்தது. எழுதியவர் பேர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"திரும்ப அடிக்கல. மூணு தடவை பாத்துட்டேன்."

எடுபிடி இப்படி எழுதாது. அது புத்தகத் தமிழில்தான் பேசும். முற்றுப்புள்ளி, மரியாதை எல்லாம் சரியாக இருக்கும். இப்படி எழுதுகிறவர் எங்கள் ஆபீஸில் ஒருவர்தான் இருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...

மெதுவாக, ஒற்றை விரலால் யாரோ தட்டுகிற மாதிரி. ஜன்னலோர மூலையிலிருந்து வந்தது. முன்பு அக்காவின் மேஜை இருந்த இடம். இப்போது அங்கே பிரிண்டர் இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தேன். பிரிண்டரின் வயரே சுவரில் செருகப்படவில்லை.

நான் பக்கத்தில் போனதும் சத்தம் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தது.

1:32. இணைப்பைத் துண்டித்தேன். சாவியை நீக்கினேன். எடுபிடியை அடியோடு மூடினேன். இனி எழுத எதுவும் இல்லை.

டக்... டக்...

1:48. அதே குறிப்பின் கீழே, "ஏன் தம்பி?"

1:51. "உன்னைத்தான நம்புனேன்."

1:55. "நீ மட்டும்தான அழிக்க முடியும்."

அழித்த டிக்கெட்டுகளின் பட்டியலைத் திறந்தேன். ஒரு வருடத்துக்கு முன்பே திறந்திருக்க வேண்டிய பட்டியல். ஒரே ஒரு வரிதான் இருந்தது.

4417. 'அலாரம் ஒருமுறை நிறுத்தினால் மறுபடி அடிப்பதில்லை.' எழுதியவர், டெஸ்டர் அக்கா. ஒப்படைக்கப்பட்டவர், மேலாளர். அழித்தவர்...

என் பேர்.

தேதி, விசாரணைக்கு முந்தின நாள். நேரம், இரவு 8:52.

நான் அழிக்கவில்லை. சத்தியமாக இல்லை. அன்று ராத்திரி எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். நினைவு வந்தது. என் வீட்டில்தான் இருந்தேன். தங்கையும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து நானும் தங்கையும் பாத்திரம் கழுவினோம். என் லேப்டாப் சாப்பாட்டு மேஜைமேல் திறந்தபடி கிடந்தது.

"மச்சான், ஒரு மெயில் பாத்துக்கறேன்."

"பாருங்க மாப்ள, என்கிட்ட என்ன கேக்கறது!"

கை துடைத்துக்கொண்டே சொன்னேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. வயிறு எரிந்தது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்களே, அதை என் சோற்றைத் தின்ற கையோடு, ஈரம் காயும் முன்னே செய்திருக்கிறான். அடுத்த நாள் அந்தப் பொய்யை என் வாயாலேயே சொல்லவும் வைத்திருக்கிறான். போன் போட்டேன்.

"மாப்ள. 4417."

"எது மச்சான்?"

"எங்க வீட்டு மேஜைல உக்காந்து அழிச்சீங்களே, அது."

அந்தப் பக்கம் தங்கை யாரையோ சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. கதவு சாத்தும் சத்தம்.

"அந்த டிக்கெட் எனக்குத்தான் வந்துச்சு மச்சான். அப்புறம் பாக்கலாம்னு ஒதுக்கிட்டேன். அதுக்குள்ள மருந்து கெட்டுப்போச்சு. நான் என்ன பண்ண?"

"அதுக்கு என் பேர்லயா?"

"உங்களை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அதான்..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க தங்கச்சியை நெனச்சுப் பாருங்க மச்சான். இதை வெளிய சொல்லிடாதீங்க."

கட் பண்ணினேன்.

டக்... டக்...

2:14. "ஏன் தம்பி?"

அந்த விசாரணை அறையில் அக்கா பார்த்த பார்வைக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. ஒரு வருடமாக அந்த மனுஷி, நான்தான் முதுகில் குத்தினேன் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தக் குறிப்புக்குக் கீழே பதில் எழுதினேன். யாருக்கு எழுதுகிறேன், எதற்கு எழுதுகிறேன் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

"அக்கா, நான் செய்யல. என் பேர்ல வேற ஆள் செஞ்சுட்டாங்க. நான் தேடிப் பாத்திருக்கணும், பாக்கல. திங்கக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்றேன்."

2:16-க்கு அனுப்பினேன்.

டக்...

டக்...

நின்றது.

2:17.

ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வெயில் மேஜையை விட்டு நகர்ந்திருந்தது. பையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

திங்கட்கிழமை சொன்னபடி சொன்னேன். முதலாளி முன்னால் பட்டியலை வைத்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை, மேஜையைப் பார்த்தபடி ஒத்துக்கொண்டார். அக்காவின் பேரில் இருந்த களங்கத்தை நீக்கிக் கடிதம் கொடுக்கச் சம்மதித்தார்கள். அன்று ராத்திரி தங்கை போன் பண்ணி, "என் குடும்பத்தைக் கெடுத்துட்டியேண்ணா" என்று மட்டும் சொன்னாள். இன்றுவரை அவள் என் போனை எடுப்பதில்லை. கூடப் பிறந்தவளையும் சேர்த்தே அவன் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். நினைத்தால் இப்போதும் நெஞ்சு காந்துகிறது.

நெட்வொர்க் பார்க்கும் பையன் அன்றே இணைப்பைச் சோதித்தான்.

"சார், சாவியை ஒட்டும்போது கடைசி எழுத்தை விட்டுட்டீங்க. எடுபிடி ஒரு டிக்கெட்டைக்கூடத் திறக்கல. சனிக்கிழமை முழுக்க வெறும் மறுப்புதான் பதிவாயிருக்கு."

"அப்ப அந்தக் குறிப்பெல்லாம்?"

"எந்தக் குறிப்பு சார்?"

காட்டினான். அந்தக் குறிப்புகளில் ஒன்றுகூட இல்லை. 2:16-க்கு நான் எழுதிய பதில் மட்டும் தன்னந்தனியாக நின்றது.

செவ்வாய்க்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். மூன்றாவது மாடி. அவருடைய மூத்த சகோதரி கதவைத் திறந்தார். முகம் வீங்கியிருந்தது. கூட வேலை பார்த்தவன் என்று சொன்னேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அக்கா மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

"சனிக்கிழமை போயிட்டா. பேச்சு நின்னு நாலு நாளாயிருந்துச்சு. கண்ணும் தொறக்கல. சனிக்கிழமை மத்தியானம் திடீர்னு ஒரு விரல் மட்டும் கட்டில் கம்பில தட்ட ஆரம்பிச்சுது. டக், டக்குன்னு. நர்ஸ் கையைப் புடிச்சுப் பாத்தாங்க, நிக்கல. ஒரு மணி நேரத்துக்கு மேல."

என் கையில் இருந்த கடிதம் கசங்கியது.

"எப்ப நின்னுச்சு?"

"ரெண்டேகால் தாண்டி. தட்டறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தா. நல்லாத் தெளிவா, 'தம்பி செய்யலையாம்'னு சொன்னா. அதோட மூச்சு நின்னுடுச்சு." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்களுக்குத் தம்பியே கிடையாதுங்க. யாரைச் சொல்லிட்டுப் போனாளோ!"