நிரை கலைந்த கண்

காய்ச்சல் விட்ட பிறகு முதலில் நான் தொலைத்தது நிரையை.

தோட்டத்து ஆஸ்பத்திரியின் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்). வரிசை என்று புத்தகத்தில் எழுதுவதை எங்கள் பக்கம் நிரை என்போம். ஆளுக்கு இத்தனை நிரை என்றுதான் மரம் பிரித்துக் கொடுப்பார்கள். அன்று மரங்கள் தெரிந்தன. பட்டையில் விழுந்த வெட்டு தெரிந்தது. மங்கு (பால் வடியும் சிறு கிண்ணம்) தெரிந்தது. நிரை மட்டும் இல்லை. யாரோ மரங்களை அள்ளி வீசிவிட்டுப் போனது போல் இருந்தது.

எனக்கு வந்திருந்தது மூளை மலேரியா (கொசுக்கடிக் காய்ச்சல் முற்றி மூளையைத் தாக்குவது). நினைவில்லாமல் கிடந்தவன் பிழைத்ததே பெரிது என்றார் டிரசர் (தோட்டத்து மருந்தாளர்). ஆகவே இதையும் பலவீனம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா பால் வெட்டித்தான் என்னைச் சுங்கைப் பட்டாணி டவுனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். காய்ச்சலுக்குச் சற்று முன்புதான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தேன்.

வீடு திரும்பிய சில நாளில், அம்மாவின் வாளியை வாங்கிக்கொள்ளலாம் என்று பால் கொட்டாய்க்குப் போனேன். பால் நிறுக்கப் பெண்கள் காத்து நின்றிருந்தார்கள். எல்லார் தலையிலும் துணிக்கட்டு, எல்லார் சட்டையிலும் காய்ந்த பால் கறை. மூக்குகள், கண்கள், வாளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. எது யாருடையது என்று புரியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன்: “அக்கா, எங்கம்மாவப் பாத்தீங்களா?”

அவர் வாளியைக் கீழே வைத்தார். பின்னால் நின்ற மாரியாயி அக்காதான் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர், வாய் சும்மா இருக்காது.

“படிப்பு ஏறிருச்சில்ல, கண்ணு தெரியல. பெத்தவளயே அக்காங்கிறான்லா.”

“நான்தான்டா தம்பி,” என்றார் என் முன்னால் நின்றவர். குரல்தான் அம்மாவைக் காட்டிக்கொடுத்தது.

வீட்டில் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுக் கேட்டார். “எம்மேல பால் நாத்தம் அடிக்குதா?”

“ஏம்மா?”

“நாலு பேரு முன்னால அம்மான்னு கூப்பிட வெக்கமா இருந்தா சொல்லிரு. நான் அந்தப் பக்கம் வரல.”

“எனக்குக் கண்ணு தெரியலம்மா,” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் தோட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் திமிர் என்றுதான் பொருள். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். நோயைவிட அந்த முதுகுதான் என்னைப் பயமுறுத்தியது. மறுநாளே, டவுன் ஆஸ்பத்திரிக்கு என்னோடு வா என்று அவரைக் கெஞ்சினேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு மேசைமேல் மாத்திரைகளைப் பரப்பினார்.

“தம்பி, என்ன தெரியுது?”

“மாத்திரைங்க.”

“எப்பிடி வைச்சிருக்கிறன்?”

“சும்மா கெடக்குது.”

“மூணு வரிசையாத்தானே இருக்கு,” என்றார் அம்மா மெதுவாக.

டாக்டர் அடிக்கோலை வைத்துச் சில மாத்திரைகளைச் சேர்த்துத் தள்ளினார். நகர்ந்தவை மட்டும் சட்டென்று ஒரு கோடாக எழுந்து வந்தன. கோல் நின்றதும் கோடு கரைந்துவிட்டது.

“கண்ணிலை ஒரு பிழையும் இல்லை. கண் துண்டு துண்டாத்தான் எடுத்துக் குடுக்கும். கிட்டக் கிட்ட இருக்கிறது, ஒரே நிறமா இருக்கிறது, சேர்ந்து அசையிறது, இதுகளை ஒண்டாக் கோக்கிறது மனசு. உமக்குக் கோக்கிற இடத்திலைதான் காய்ச்சல் கை வைச்சிட்டுது.” இதைக் காட்சி அறியாமை (கண் பார்த்தும் மனம் பொருளை அறியாத நிலை) என்றார்.

அம்மா நிமிர்ந்தார். “அப்ப இது வெக்கம் இல்லீங்களா ஐயா?”

“வெக்கத்துக்கும் என்னட்டை மருந்து இல்லை, இதுக்கும் இல்லை. ஆனா இது கொஞ்சம் கொஞ்சமாச் சுகமாகி வரலாம்.”

பஸ்ஸில் வரும்போது அம்மா என் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் என் முன்னால் சும்மா நின்றதே இல்லை. தலையை ஆட்டுவார், கையை வீசுவார். அசைந்ததும் மூக்கும் கண்ணும் வாயும் ஒன்றுகூடி அம்மாவாகிவிடும்.

“என்னாடி லெச்சுமி, மவன் முன்னால ஆடிக்கிட்டே வர்ற? தைப்பூசமா?” என்றார் மாரியாயி அக்கா.

“ஆமாடி. ஒனக்கென்ன, நீயும் ஆடு.”

விஷயம் தெரிந்த பிறகு அவரும் ஆடினார். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) எல்லாரும் என்னைக் கண்டால் ஏதாவது ஒன்றை அசைத்தார்கள்.

எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தேன். விரலின் அசைவைப் பிடித்துக்கொண்டு எழுத்து வந்தது. தட்டில் சோற்றையும் குழம்பையும் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். முக்கியமாக, வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் வேறு காரணம் கண்டுபிடிக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

மாதங்கள் போயின. முழுக்கக் குணமாகவில்லை. முன்பு பார்ப்பது என்பது கண்ணைத் திறப்பதோடு முடிந்துவிடும். இப்போது அது ஒரு வேலை. உடம்பு அதற்காக உட்கார வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரே நொடியில் கிடைப்பது எனக்கு ஒவ்வொன்றாக, நடந்து வருகிறது.

ஒரு பிற்பகலில் அம்மா பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். அசைவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளைப் பார்த்தேன். நரைத்த முடி. நெற்றி. தாடைக்குக் கீழே ஒரு தழும்பு. இத்தனை காலமும் அம்மா என்று ஒரே பார்வையில் கடந்து போயிருக்கிறேன். இதைப் பார்த்ததே இல்லை.

கண் விழித்தார். “என்னடா?”

“இது என்னம்மா தழும்பு?”

“நீ வயித்துல இருந்தப்ப மழையில வழுக்கி விழுந்தேன். வாளி குத்திருச்சி.”

“சொன்னதே இல்லியே.”

“நீ எப்ப கேட்ட?”

வழக்கம்போலத் தலையை ஆட்டப் போனவர், என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டார். “சரி, ஆடாம இருக்கேன். பாரு.”

மூச்சைக்கூட மெல்ல விட்டார். நான் காத்திருந்தேன். முதலில் மூக்குத்தி வந்தது, பிறகு கன்னம், பிறகு கண்கள். எதுவும் அசையாமலே அவை ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தன. அம்மாவின் முகம்.

“ஆச்சா?” என்றார், உதடு அசையாமல்.

“இன்னும் கொஞ்ச நேரம்மா,” என்றேன்.