சாணி உருண்டைக்குள் இரண்டு பல்

என் மகளுக்கு முன்பல் ஆடத் தொடங்கியதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. விழுந்தால் முளைக்குமா, முளைத்தாலும் நேராக முளைக்குமா, பல் டாக்டரிடம் இப்போதே போவதா, போனால் அவர் சிரிப்பாரா என்று ஓயாத யோசனை. இந்தக் கவலை எனக்குப் புதிதல்ல. ஏழு வயதில் என் பல்லோடு ஒரு கினிப் பன்றியின் பல்லுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டவள் நான்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல் நடந்த வருஷம் அது. வெளியூர்க் காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த மாமா, லீவுக்கு வடக்கனந்தல் வந்தபோது ஒரு கூடையில் அந்தக் கினிப் பன்றியைக் கொண்டுவந்தார். முயலாக இருந்து, காது சுருங்கி, வாலும் தொலைந்துபோனது போன்ற உருவம். காலேஜுக்குச் சொந்தமானது, லீவு முடிந்ததும் திரும்பப் போய்விடும் என்றார்.

"பேர்லயே பண்ணி இருக்குது. வூட்டுக்குள்ள வுடாதடா" என்றார் அம்மா. மறுநாள் அம்மாவே அதற்குக் கொத்தமல்லி கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அது கட்டிலிலிருந்து குதித்து மேல் முன்பல் ஒன்றை ஒடித்துக்கொண்டது. அதே வாரம் என் முன்பல்லும் விழுந்தது. விழுந்த பல்லைச் சாணிக்குள் வைத்து உருட்டிக் கூரைமேல் எறிந்தால்தான் புதுப்பல் முளைக்கும் என்பது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். கினிப் பன்றியால் எறிய முடியாதே என்று, அதன் பல்லையும் என் பல்லையும் ஒரே உருண்டையாக்கி எறிந்தேன். ஓட்டில் போய் அது ஒட்டிக்கொண்ட பிறகுதான் உறைத்தது. எந்தப் பல் யாருக்கு என்று சொல்லாமல் எறிந்துவிட்டேனே!

அதன் பல் ஆயுசு முழுக்க வளரும், மேலும் கீழும் உரசித்தான் தேயும் என்றார் மாமா. மேலே ஒன்று ஒடிந்ததால் எதிரே இருந்த கீழ்ப்பல் தேயாமல் நீண்டு வளைந்துவிட்டது. புல்லைக் கடிக்க முடியவில்லை. கொத்தமல்லியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

"துன்னாம இருந்தா ரெண்டு நாளு கூட தாங்காதுக்கா" என்று மாமா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

கூடையை என் மடியில் வைத்து, என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினார் மாமா. ஊர் எல்லையில் புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. மரத்தின்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா தம்பி, எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்குண்ணா."

"ஆஸ்பத்திரின்னா வுட்டுடுவோம். யாருக்கு, பாப்பாவுக்கா?"

நான் கூடையைத் திறந்து காட்டினேன். "பல்லு ஒடிஞ்சிடுச்சி."

என் வாயையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார் ஒருவர். "யாருக்கு? ஒனக்கா, இந்த எலிக்கா?"

மரமே குலுங்கச் சிரித்தார்கள். கேட்டவர், வெட்டிக் கிடந்த கிளையிலிருந்து புளியங்கொழுந்தை ஒடித்துக் கூடைக்குள் நீட்டினார். கினிப் பன்றி ஆசையாக வந்து வாயை வைத்தது. கடிக்க வரவில்லை. கொழுந்து கீழே விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அடப்பாவமே! மாட்டு டாக்டரு வெளியூர் போனவரு, வர வழியில்லாம அங்கயே நின்னுக்கினு இருக்காராம். நீ வூட்லயே எதனா பாரு தம்பி" என்றவர், என் பாவாடை நிறையக் கொழுந்து பறித்துப் போட்டார்.

அம்மா நர்ஸ். நகவெட்டியால் நறுக்கினால் பல் பிளந்துவிடும் என்று மாமா பயந்ததும், ஊசி மருந்துக் குப்பியின் கழுத்தை அறுக்கும் குட்டி அரத்தை அம்மா எடுத்துவந்தார். துண்டில் சுற்றிய கினிப் பன்றியை மாமா பிடித்துக்கொண்டார். நாக்கில் படாமல் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக அராவினார்.

"டேய், நீ ஏண்டா கண்ண மூடிக்கினு இருக்கற? ஒன் பல்லையா அராவறன்?"

வளைந்த நுனி பொட்டென்று விழுந்தது. புளியங்கொழுந்தைப் பொடியாக நறுக்கி வாயோரம் வைத்தேன். உள்பற்கள் மெல்லத் தொடங்கின. அந்தச் சின்ன நறநறப்புக்கு நாங்கள் கைதட்டிய சத்தத்தில் பயந்து, அது மாமாவின் சட்டைக்குள் புகுந்துகொண்டது. மறியல் முடியும்வரை, "எலி துன்னுதா பாப்பா?" என்று கேட்டு மரத்தடியிலிருந்து கொழுந்து வந்துகொண்டே இருந்தது.

வழி திறந்தது. கொஞ்ச நாளில் காலேஜும் திறந்தது. அதற்குள் கினிப் பன்றிக்குப் புதுப்பல் நேராக வளர்ந்து கீழ்ப்பல்லோடு பொருந்திவிட்டது. எனக்கு முளைத்ததுதான் கோணல். உருண்டைக்குள் பல் மாறிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாமா பெட்டி கட்டினார். கூடையையும் எடுப்பார் என்று நான் அழத் தயாராக நின்றேன். அவர் அதன் உதட்டை விலக்கி வெகுநேரம் பார்த்தார்.

"கோணப்பல்லு. இத காலேஜ்ல சேத்துக்க மாட்டாங்க பாப்பா. இங்கயே இருக்கட்டும்."

"நேராத்தான மாமா இருக்குது?"

"ஒனக்கு இன்னா தெரியும்? அதுக்குப் படிக்கறவன் நானா, நீயா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே வருத்தமும் வந்தது. காலேஜில் இடம் கேட்டு ஊரே ரோட்டில் உட்கார்ந்த வருஷத்தில், பாவம், இதற்குப் பல்லைக் காரணம் காட்டி இடம் இல்லை என்றுவிட்டார்களே! மாலை முழுக்கக் கொத்தமல்லி ஊட்டி அதற்கு ஆறுதல் சொன்னேன். அப்புறம் கண்ணாடியில் என் பல்லைப் பார்த்தேன். நேரான பல்லுக்கே இந்தக் கதி என்றால், என்னை எந்தக் காலேஜ் சேர்த்துக்கொள்ளும் என்று அன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். இடம் கிடைத்த கினிப் பன்றிகளை அங்கே மேசைமேல் மல்லாக்கக் கிடத்தி, கத்தியை எடுத்து என்ன செய்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.