வைக்கோல் பிரி போட்டுக் கழுவிய கார்

அந்தக் கறுப்புக் காரின் கதவில் முகம் பார்த்துக்கொள்ளலாம். அறந்தாங்கியில் பஸ் மாறுவதற்காக நிற்கும்போதெல்லாம் நெற்றிப் பொட்டு கலைந்திருக்கிறதா என்று நான் அதில்தான் பார்த்துக்கொள்வேன். சந்தைக்கு வந்த பெண்களும் பார்ப்பார்கள். பஸ் கண்டக்டர்கள் அதன் முன் குனிந்து தலைசீவிக்கொள்வார்கள். காரின் சொந்தக்காரர் யாரையும் விரட்டமாட்டார். "பாருங்க, நல்லாப் பாருங்க, கை மட்டும் வைக்காதீக" என்பார். எல்லோருக்கும் அவர் டாக்சிக்கார அண்ணன். எனக்கும் அப்படித்தான்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஏற்கெனவே அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். கணவர் மலாயாவில் இருந்தார். கைக்குழந்தையோடு மாமனார் வீட்டில் நான். புதுக்கோட்டையில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அறந்தாங்கியில் காத்திருக்க நேரும். அப்போது அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தால் எனக்குப் பொழுது போவதே தெரியாது.

வந்து நின்றதும் கழுவமாட்டார். புளியமரத்து நிழலில் நிறுத்தி, தகரத்தின் சூடு ஆறும்வரை பீடி குடிப்பார். பிறகு சட்டையைக் கழற்றுவார், பொத்தான் உரசுமாம். விரலில் கிடக்கும் மோதிரத்தையும் கழற்றி மடியில் முடிந்துகொள்வார். முதலில் தண்ணீர் மட்டும்தான். கூரையிலிருந்து குடம் குடமாகச் சரியவிட்டு, புழுதி தானாக இறங்கி ஓடும்வரை வண்டியின் மேல் விரல்கூடப் படாது. அதற்கப்புறம்தான் பழைய மல் வேட்டியைக் கிழித்த துணி. ஒரு இழுப்பு இழுத்தால் உடனே அலசுவார். வட்டமாகத் தேய்க்கமாட்டார், மேலிருந்து கீழே ஒரே போக்கில்தான் இழுப்பார். துணி கைதவறித் தரையில் விழுந்துவிட்டால் போயிற்று, அது சக்கரம் துடைக்கத்தான் ஆகும். ஏன் இவ்வளவு என்று ஒருநாள் கேட்டேன். "நம்ம ஊருப் புழுதி பார்க்கத்தான் மாவு மாதிரி இருக்கும் டீச்சர். அம்புட்டும் கல்லு. தேய்ச்சா நாமளே அரம் போட்ட மாதிரி ஆயிரும்" என்றார்.

ஒரு கண்டக்டர் அவரைச் சீண்டுவார். "என்னண்ணே, பொண்ணுக்குத் தலைக்கு ஊத்திவிடுறீகளா?"

"பொண்ணுன்னா வலிச்சாக் கத்திருவாடா. இது வாயைத் திறக்காது. அதான் பார்த்துச் செய்யணும்."

அந்தப் பளபளப்புதான் அவருக்குச் சோறு போட்டது. அந்த ஸ்டாண்டில் வேறு கார்களும் நின்றன. ஆனால் கல்யாணம் என்றால் சுற்றுப்பட்டு ஊர்கள் அத்தனையும் இந்தக் கறுப்புக் காரைத்தான் கேட்டு வரும். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டி வந்தால் அது ஒரு பெருமை. கியாஸ் விளக்கு வெளிச்சம் அதில் விழுந்து தெருவே இரண்டாகத் தெரியும். தை, மாசி, வைகாசி மாத முகூர்த்தங்களை வைத்துத்தான் வருஷம் முழுவதும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. இதை அவரே சொல்லியிருக்கிறார்.

மகளுக்கு ஆறு வயது நடந்தபோது ஒரு தை மாதம். மாட்டுப் பொங்கல் கழிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் தெருக்கோடி வீட்டில் கல்யாணம். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்காக அந்தக் கார் மத்தியானமே வந்து, குளித்து முடித்து, மாலை போட்டுக்கொண்டு பந்தலடியில் நின்றது. புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்த என் மகள் ஒரு கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்திருக்கிறாள். சிரித்தபோது அது மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. முதுகில் தட்டினோம், தலைகீழாகப் பிடித்தோம். மூச்சு விசில் மாதிரி வந்தது, உதடு நீலம் பாரித்தது. அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியது அந்தக் காரை நோக்கித்தான். நானாக யோசித்து ஓடவில்லை, கால் போயிற்று.

கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். "முகூர்த்த வண்டிப்பா இது. உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கிற புள்ளையை ஏத்திட்டு, அப்புறம் அதுலயா மாப்பிள்ளையை உக்கார வைக்கிறது?" அவர் கெட்டவர் இல்லை. அன்று அங்கே நின்ற எல்லோருக்கும் அந்த நினைப்புதான் இருந்திருக்கும். டாக்சிக்கார அண்ணன் காரின் முன்பக்கம் கிடந்த மாலையை எடுத்துப் பந்தக்காலில் மாட்டினார். கதவைத் திறந்தார். "ஏறுங்க டீச்சர்."

மாமனாரும் ஏறிக்கொண்டார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நான் ரோட்டைப் பார்க்கவில்லை, மகளின் நெஞ்சுக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் வாந்தி எடுத்தாள், கண்மாய் நிறைந்து கலிங்கில் வழிந்த தண்ணீர் ரோட்டில் ஓடிய இடத்தில் சேறு கண்ணாடிவரை அடித்தது. இதெல்லாம் மாமனார் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். டாக்டர் குழாய் விட்டுக் கொட்டையை எடுத்துப் போட, அது தட்டில் விழுந்த சத்தம் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிழைத்துக்கொண்டாள். நான் அவளோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கினேன். மறுநாள் காலையில் டாக்சிக்கார அண்ணன் மாமனாரை ஊரில் கொண்டுபோய் விட்டார்.

அதற்கடுத்த நாள் ஆரஞ்சுப் பழங்களோடு மகளைப் பார்க்க வந்தார். அவளோடு பேசிச் சிரித்தார். அவர் கிளம்பும்போது வாசல்வரை கூடவே போனேன். வெயிலில் கார் நின்றது. முதலில் வேறு யாருடைய காரோ என்று நினைத்தேன். கறுப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தது. கிட்டே போனால் கூரை, கதவு, என்ஜின் மூடி எல்லாம் வட்ட வட்டமாகக் கீறல், ஈர்க்குச்சியால் கோலம் போட்ட மாதிரி. என் முகத்தைத் தேடினேன், ஒரு நிழல்தான் இருந்தது.

"என்னண்ணே இது?"

"ஒங்க வீட்டுல சாப்பிடச் சொன்னாக. சாப்பிட்டேன். ராத்திரி பூரா முழிச்சது, கட்டில்ல அப்படியே அசந்துட்டேன்." கார்க் கதவைத் திறந்துகொண்டே சொன்னார். "நான் எந்திரிக்கிறதுக்குள்ள கழுவி வச்சிட்டாக."

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் மேலே ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. என்றாலும் கையைக் கூப்புகிற மாதிரி வைத்துக்கொண்டு, "சொல்லிறாதீக டீச்சர். நெறஞ்ச மனசோட செஞ்சிருக்காக. தெரிஞ்சா ஒங்க மாமனாரு தாங்கமாட்டாரு. புள்ளை மேல சத்தியம்" என்றார். எந்தப் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை. உள்ளே படுத்திருந்தவளைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் மாமனாரே கதையைச் சொன்னார். எங்கள் சனத்துக்கு ஒருவரிடம் நன்றி என்று வாயால் சொல்லிப் பழக்கமில்லை, ஏதாவது செய்யத்தான் தெரியும். பேத்தியைக் காப்பாற்றிய வண்டி சேறும் வாந்தியுமாக வாசலில் நிற்கலாமா? மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் கழுவிய அதே கைகள், அதே கண்மாய்த் தண்ணீர். புது வைக்கோலைப் பிரியாக முறுக்கி, பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் நின்று தேய்த்திருக்கிறார்கள். சேறு காய்ந்து பிடித்த இடத்துக்குச் செங்கல் தூளும் சாம்பலும். பித்தளை அண்டாவையே பொன்னாக்குகிற சாமான் அல்லவா அது. கடைசியில் மாட்டுக் கொம்புக்குத் தடவுகிற மாதிரி மினுமினுக்க நல்லெண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள்.

"அந்தாளு எந்திரிச்சு வந்து பார்த்தாரு தாயி. பேச்சு வரலை அவருக்கு" என்றார் மாமனார். "நின்ன எடத்துலயே நின்னாரு. கண்ணு கலங்கிருச்சு. அம்புட்டுச் சந்தோசம். 'எப்படிண்ணே இருக்கு'ன்னு பங்காளி வீட்டுச் சின்னவன் கேட்டதுக்கு, 'எந் தகப்பன்கூட எனக்கு இப்படிச் செஞ்சதில்ல'ன்னு சொன்னாரு."

சொல்லும்போது மாமனாருக்கும் கண் கலங்கியது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்தத் தையிலேயே கல்யாண வீடுகள் வேறு கார்களைத் தேடிப் போயின. அண்ணன் திருச்சி போய் மெழுகு வாங்கி வந்து பூசிப் பார்த்தார். அங்கே பட்டறைக்காரர்கள் முழுக்கப் பெயிண்ட் அடிக்கலாம் என்றார்கள், மறுபடி அடித்த பெயிண்டில் முகம் தெரியாது என்றும் அவர்களே சொன்னார்கள். என் கணவருக்கு எழுதி ஏதாவது செய்யச் சொல்கிறேன் என்றேன். "அப்ப ஒங்க மாமனாருக்குத் தெரிஞ்சுபோகும்ல" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பிறகு ஜெகதாப்பட்டினத்துக்கு மீன் வியாபாரிகளை ஏற்றிக்கொண்டு ஓடினார். கூடைகளும் ஏறின. அந்த வாசம் ஏறிய வண்டியில் வேறு யாரும் ஏறமாட்டேன் என்றார்கள். ஒருநாள் பஸ் மாற நின்றபோது அவர் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். அதே நிழல், அதே மல் துணி, மேலிருந்து கீழே ஒரே போக்கு. மோதிரம் கழற்ற வேண்டியிருக்கவில்லை, விரலில் அது இல்லை. நான் வேறு பக்கம் பார்த்தபடி பஸ் ஏறினேன். மறு வருஷம் காரை விற்றுவிட்டு, யாரோ ஒருவருடைய பஸ்ஸுக்கு டிரைவராகப் போனார்.

பல வருஷம் கழித்துப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை பார்த்தேன். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, "பாப்பா எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டார். காலேஜில் படிக்கிறாள் என்றேன். "கொட்டை கிட்டை எதையும் வாயில போட்டுறாம" என்று சிரித்தார். வண்டி நகர்ந்துவிட்டது.

மகளுக்கு இப்போது இருபது வயது. அவள் சாப்பிடும்போது லேசாக இருமினாலும் என் கை தானாக அவள் முதுகுக்குப் போய்விடும். "அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பாள் எரிச்சலோடு. நல்லாத்தான் இருக்கிறாள். எதனால் என்று அவளுக்கு முழுதாகத் தெரியாது.

போன வாரம் அவளுக்கு நிச்சயமாயிற்று. வருகிற தையில் கல்யாணம். எண்பதைத் தொட்ட மாமனார் வெற்றிலையை மென்றபடி ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தார், சமையலுக்கு யார், மேளத்துக்கு யார் என்று. கார் பேச்சு வந்தது.

"காருக்கு என்ன யோசனை? அந்த டாக்சிக்காரர்தான். எம் பேத்தி கல்யாணத்துக்கு வரமாட்டேம்பாரா?"

"அவருகிட்ட இப்பக் கார் இல்லை மாமா."

"ஏனாம்? எவ்வளவு நல்ல வண்டி."

"வித்துட்டாராம்."

"அடப்பாவி. அதைப் போயி விப்பானா மனுசன்." அவருக்கு நிஜமாகவே வருத்தம். வெற்றிலையைத் துப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டு ஆட்களிடம் திரும்பினார். "அந்தக் காரை நான் ஒருதரம் எங் கையால கழுவியிருக்கேன், தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அவர்கள் ஆர்வமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் எல்லோருக்கும் காபி கலந்து வரட்டுமா என்று கேட்டேன்.