கஞ்சி போட்ட சேறு

மகன் பிளாஸ்டிக் பீரங்கி வண்டியின் சக்கரங்களில் பழுப்புக் குழம்பைப் பூசிக்கொண்டிருந்தான். "அசல் சேறு மாதிரி இருக்காம்மா?" என்றான். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

எட்டாவது படிக்கையில் பள்ளிக் கண்காட்சிக்காக நானும் என் வகுப்புத் தோழி மல்லிகாவும் அட்டையில் பீரங்கி வண்டி செய்தோம். முதல் மேசை அதற்குத்தான் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கண்மாய்ச் சேறு அட்டையில் ஒட்டவில்லை. வீட்டில் தறிப் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடும் கஞ்சியை அதில் குழைத்தேன், நன்றாகப் பிடித்தது. ஈ மொய்க்கிறதே என்று ஈரத்தோடு பாலிதீன் தாளால் மூடினோம்.

நாலு நாள் கழித்து, கண்காட்சியன்று டீச்சர் தாளை எடுத்தார். அழுகல் நாற்றம். சக்கரங்களிலிருந்து வெள்ளைப் புழுக்கள் நெளிந்து விழுந்தன.

"என்னடி இது?" டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

மல்லிகா சொன்னாள்: "சண்டை நடந்த இடம் இப்படித்தான் டீச்சர் நாறும்."

குப்பையில் போட நான்தான் தூக்கிப் போனேன். ஒரு புழு மணிக்கட்டில் ஏறியது.

மகனின் வண்டியில் வாடையே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டுதான் "நல்லாருக்குப்பா" என்றேன்.